கல்யாணம் முடியட்டும்

1

இந்தக் கதையில் பாதி எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. மூன்றாம் மாடி மெஹ்ரெத்தும் நான்காம் மாடி நானும் அவள் வீட்டு கேஸ் சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றாள். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

சொன்னாள். கேட்டு முடித்ததும், தமிழில் எழுதிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டேன். கெய்ரோவில், அர்த் எல்-லெவாவின் இந்தச் சந்தில், எரித்திரியர்கள் இருக்கிறார்கள், சூடானியர்கள் இருக்கிறார்கள், எகிப்தியர்கள் இருக்கிறார்கள். தமிழ் படிக்க என்னை விட்டால் ஆளில்லை.

"அப்ப அது சொன்ன கணக்குல வராது. எழுதிக்கோங்க" என்றாள்.

2

முதல் தொடக்கம்: "அப்ரெஹெத்தின் அம்மா இறந்துபோன செய்தி அப்ரெஹெத்தைத் தவிர சந்தில் எல்லாருக்கும்

வேண்டாம். வாக்கியம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் முறைகெட்ட வாக்கியம். எரித்திரியர்கள் சாவைப் போகிற போக்கில் சொல்வதில்லை. ஊரிலிருந்து வரும் போன் இறந்தவரின் பிள்ளைக்கு வராது. பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய மனிதருக்கு வரும். அவர் தெரிந்தவர்களைத் திரட்டுவார். விடியற்காலையில், பிள்ளை வேலைக்குக் கிளம்பும் முன், வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு எல்லாரும் சேர்ந்து போய்க் கதவைத் தட்டுவார்கள். தனியாக இருக்கும்போது ஒருவர் தலையில் இடி விழக் கூடாது, அவ்வளவுதான். பிழைக்க வந்த ஊரில் இந்த வழக்கம் தளரும் என்றுதான் நினைத்திருந்தேன். மாறாக, இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது.

உங்களிடம் மட்டும் நான் மொட்டையாகப் போட்டு உடைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

3

மறுபடியும் தொடங்குகிறேன். சந்து முனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் கிர்மாய்க்குத்தான் அந்தப் போன் வந்தது. அவர் மெஹ்ரெத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளும் அப்ரெஹெத்தும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுக்கிறவர்கள்.

"ஞாயித்துக்கெழம கல்யாணம். இப்பச் சொன்னா நின்னுபோகும்" என்றார்.

"நின்னா நிக்கட்டும்ண்ணே. பெத்தவ போயிட்டா."

"மாப்பிள்ளை கனடாவுக்குக் கெளம்புறான். இப்பவே பொண்டாட்டின்னு அவன் விசாவுல பேரச் சேத்தாத்தான் அவளும் கூடப் போக முடியும். இத விட்டா அவ காலத்துக்கும் இங்க அடுத்தவன் வீட்டத் தொடச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். அந்த அம்மா உசிரோட இருந்தா என்ன சொல்லும், நீயே சொல்லு."

கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று முடிவாயிற்று.

(கிர்மாயைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாக நகரும். முயன்று பார்த்தேன், ஒட்டவில்லை. போனை வைத்ததும் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுத மனிதர். இத்தனைக்கும் இறந்தவரை அவர் பார்த்ததுகூட இல்லை.)

4

"எங்கம்மா போனையே எடுக்க மாட்டேங்குதுடி" என்றாள் அப்ரெஹெத், கல்யாண உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு.

"லைன் கெடைக்கல போல. ஒங்க ஊருக்கு என்னிக்கு ஒழுங்கா லைன் கெடச்சிருக்கு?"

"அது வாயால ஆசீர்வாதம் வாங்காம நான் இதப் போடுறதா இல்ல."

"போடாத. அந்தத் தொப்பைக்கு அது நுழையப்போறதும் இல்ல."

அப்ரெஹெத் தலையணையை வீசினாள். இருவரும் சிரித்தார்கள். பொய் சொன்னதைவிட, அவளோடு சேர்ந்து சிரித்ததுதான் மெஹ்ரெத்தை வதைத்தது.

(இந்த இடத்தில், மெஹ்ரெத் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழுதாள் என்று எழுதியிருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடுப்பின் ஓரத்தைத் தைத்துக் கொடுத்தாள்.)

சந்தும் தன் பங்குக்கு நடித்தது. கொஞ்சம் அதிகமாகவே நடித்தது. "என்னடி இது, கறிக்கடைக்காரிகூட என் கன்னத்தத் தடவுறா? கல்யாணப் பொண்ணுன்னா இவ்வளவு மவுசா?" என்று அப்ரெஹெத் கேட்டாள். மெஹ்ரெத் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

5

சனிக்கிழமை. கல்யாணச் சமையல் மொட்டை மாடியில். கறி வேக நேரம் பிடிக்கும் என்பதால் சமைக்கிறவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மெஹ்ரெத் கீழே இறங்கிப்போய்க் கூட்டிவந்தாள். முன்னால் கிர்மாய், பின்னால் பெண்கள், கடைசியில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நான். குளிருக்கு எல்லாரும் சால்வை போர்த்தியிருந்தார்கள். வெள்ளைச் சால்வை.

வாரம் முழுக்க வாயைக் காத்தவர்கள், முகத்தைக் காத்தவர்கள், நேரத்தை மறந்துபோனார்கள். அப்போது விடிந்தும் விடியாத பொழுது.

மொட்டை மாடிச் சாவி அவர்கள் இருவரின் அறையில் இருந்தது. மெஹ்ரெத் கதவில் கை வைக்கும் முன் உள்ளேயிருந்து அப்ரெஹெத்தே திறந்தாள். கிர்மாயைப் பார்த்தாள். சால்வைகளைப் பார்த்தாள். "சமைக்க வந்தோம்" என்று யாராவது அந்த நொடியே சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் நா எழவில்லை.

"யாரு?" என்றாள் அப்ரெஹெத். பிறகு, மெதுவாக, "அம்மாவா?"

6

முடிவு, முதல் வரைவு: கிர்மாய் சிரித்து, "கறி வேகணும்ல, சாவியக் குடும்மா" என்கிறார். கல்யாணம் நடக்கிறது. அவள் கனடா போகிறாள். அங்கே ஒரு காலையில் முன்பின் தெரியாத யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். அதற்குப் பின் மெஹ்ரெத்தின் போனை அவள் எடுப்பதே

இரண்டாம் வரைவு: மெஹ்ரெத் அவளைக் கட்டிக்கொண்டு சொல்லிவிடுகிறாள். கல்யாணத்துக்கு வாங்கிய கறி, துக்கம் கேட்க வந்தவர்களின் பந்திக்குப் போகிறது. மாப்பிள்ளை தனியாக விமானம்

மூன்றாவதில் அம்மாவை உயிரோடு கொண்டுவந்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், அங்கேதான் நின்றேன். ஆனால் இந்தச் செய்தியைத் தனி ஆளாகச் சொல்லக் கூடாது என்றல்லவா வழக்கம்? தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து நிற்க வேண்டும். உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் மேலே ஏறி வாருங்கள், படியில் இடம் இருக்கிறது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். கிர்மாய் கண்ணை மூடிக்கொண்டார். மெஹ்ரெத் தலையைக் குனிந்துவிட்டாள். நான் அண்டாவுக்குள் பார்க்கிறேன்.

அடுத்தது நீங்கள்.