மூன்று கட்டத்துச் சொல்

மக்டலினுக்கு வந்தி என்ற பெயரை வைத்தவர் அவள் புருஷன் பத்திநாதன். கலியாணமாகி நாலாவது வருஷம், ஒரு நாள் காலையில், "வந்தி, தேத்தண்ணி கொண்டா" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தான். மண்டபம் அகதி முகாமிலையிருந்து கடல் தாண்டி வந்தனியெல்லே? வந்தவள் எண்டால் வந்தி. நல்ல தமிழ்ப் பேர்."

அவளுக்குப் பிடித்துப் போயிற்று. பத்திநாதன் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், உப்புக்குளத்தில் தமிழ் தெரிந்த மனுஷன் என்று பெயர் எடுத்தவர். அவளோ முகாம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு பெயரைத் தேடி எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மெல்ல மெல்லத் தெருவெல்லாம் அவளை வந்தி அக்கா, வந்தி மாமி என்றது. கோயில் மாதர் சங்கத்துக்குப் புதிய சிஸ்டர் வந்தபோது, "மக்டலின் எண்டு சொன்னால் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது சிஸ்டர், வந்தி எண்டு கூப்பிடுங்கோ" என்று அவளே சொன்னாள்.

பத்திநாதனின் நாள் பத்திரிகையின் குறுக்கெழுத்தோடுதான் தொடங்கும். எட்டு மணிக்கு அவருடைய சிநேகிதர் செபமாலை மாஸ்ரர் வந்துவிடுவார். விறாந்தையில் இரண்டு கதிரை, நடுவில் பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்தை நிரப்பி முடித்ததும் தபாலட்டையில் விடை எழுதிப் போட்டிக்கு அனுப்புவார். மாதத்தில் ஒரு முறையாவது 'சரியான விடை எழுதியோர்' பட்டியலில் அவர் பெயர் வரும். அதை வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவார்.

தேத்தண்ணி கொண்டு போகும்போது அவளையும் விட்டுவைக்க மாட்டார்.

"சந்திரனுக்கு நாலெழுத்திலை ஒரு சொல்லுச் சொல்லு பாப்பம்."

"நிலா?"

"அது ரெண்டெழுத்தடி. முகாமிலை எண்ணக்கூடப் படிப்பிக்கேல்லையோ?" இருமல் வரும்வரை சிரிப்பார். மாஸ்ரர் குனிந்து தேத்தண்ணியை ஊதுவார். மறுநாள் விடையில் 'திங்கள்' என்று இருக்கும். அவள் அதை அடுப்படியில் நின்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் சீனி வருத்தம் அவருடைய கண்ணில் இறங்கியது. கண் கிளினிக்கில் ஊசி போட்டார்கள், பிறகு இனிப் போட்டுப் பயனில்லை என்றார்கள். வெளிச்சமும் ஆள் உருவமும் தெரியும், எழுத்துத் தெரியாது. அன்றிலிருந்து பத்திரிகை அவள் மடிக்கு வந்தது. அவள் குறிப்பை வாசிப்பாள், எத்தனை கட்டம் என்பாள், அவர் சொல்வார், அவள் எழுதுவாள். முதல் மாதம் முழுக்க ஏச்சு. பிறகு அவள் கை பழகிக்கொண்டது.

பழகியது கை மட்டுமல்ல. உப்பு விளையும் இடம், மூன்று எழுத்து: அளம். சின்ன வயதில் பார்த்த உப்பு வயலுக்கு இப்படியொரு பெயர் இருந்ததா என்று அவள் வியந்துபோனாள். கடலுக்குப் பரவை, முந்நீர். அவளுடைய தகப்பன் ஓட்டிய வள்ளத்துக்கு ஒரு காலத்தில் திமில் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். மீன் வெட்டும்போதும் ஒரு சொல் வாய்க்குள் கிடக்கும். நாற்பத்தெட்டு வயதில் படிப்பு இனிக்கத் தொடங்கியிருந்தது. சில நாட்களில் அவர் வாய் திறக்குமுன்பே அவளுக்கு விடை தெரிந்துவிடும். தெரியாததுபோல் இருப்பாள்.

போன மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசித்தாள்: "இடமிருந்து வலம் பதினொண்டு. பிள்ளை பெறாதவள். மூண்டு எழுத்து. முதல் எழுத்து வ, கடைசி எழுத்து தி."

மாஸ்ரர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, பதினொண்டு."

"அதை விடு. அடுத்ததைச் சொல்லு."

ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாத மனுஷன். அவள் வகரத்தையும் திகரத்தையும் நடுவில் இருந்த வெள்ளைக் கட்டத்தையும் பார்த்தாள். என்ரை பேரும் இதுக்குள்ளை சரியா இருக்குமே என்று தனக்குள் சிரித்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல் முந்தின நாள் விடைகளை உரக்க வாசித்தாள். "ஒன்பது, பரவை. பதினொண்டு..." வாய் நின்றுவிட்டது. வந்தி என்று அச்சில் இருந்தது.

"அடுத்ததை வாசி" என்றார் அவர்.

அவள் அடுத்ததை வாசித்தாள்.

பதினாறு வருஷம். தெருவில் போகிற வருகிற சின்னப் பிள்ளைகள்கூட மலடி மாமி, மலடி மாமி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டு இனிப்புக் கொடுத்திருக்கிறாள். சிஸ்டரிடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை இல்லையென்று நாலாவது வருஷம் அவளை யாழ்ப்பாணத்தில் சோதித்த டொக்டர் அவளிடம் ஒரு குறையும் இல்லை, புருஷனைக் கூட்டி வாங்கோ என்றார். "எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்று பத்திநாதன் போகவே இல்லை. அந்த மாதத்தில்தான் அவர் அந்தப் பெயரை வைத்தார். இப்போதுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

மாஸ்ரர் போகும்போது படலையடியில் மறித்தாள்.

"மாஸ்ரர், உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

எதைக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. "தொடக்கத்திலையே தெரியும் பிள்ளை. அவன் பகிடிக்குத்தான்... பாவமடா எண்டு நான் ஒருக்காச் சொன்னனான்."

"நீங்களும் சிரிச்சனீங்களோ?"

அவர் சைக்கிளின் மணியைப் பெருவிரலால் தேய்த்தார். "முதல் நாள் சிரிச்சனான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தெருவில் கண்டால் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார். ஏன் வருவதில்லை என்று பத்திநாதன் கேட்டபோது, "தெரியாது" என்றாள் மக்டலின். வீட்டில் இனிப் பத்திரிகை வாசிக்கக் கண் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

முதல் தடவை அவள் யோசித்துச் செய்யவில்லை. "கிழக்குக் காற்று" என்று வாசித்தாள். நாலு கட்டம் இருந்தது. மூன்று என்று வாயில் வந்தது.

"கொண்டல்" என்றார் உடனே. பிறகு விரலை மடித்தார். "நாலெல்லோ வருது? வடிவா எண்ணு."

"மூண்டுதான் இருக்கு."

அவர் திரும்பத் திரும்ப எண்ணினார். நெற்றியில் அடித்துக்கொண்டார். மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியும் அதையே எண்ணினார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நன்றாகப் பசித்தது. இன்னொரு அகப்பை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள், "குணலை எண்டு போட்டிருக்கு" என்றாள். கொப்பியிலிருந்து எடுத்த சொல்.

"அது கூத்தெல்லோ? காத்தோ?"

"காத்து எண்டுதான் பேப்பரிலை கிடக்கு. எனக்கென்ன தெரியும், நான் எட்டாம் வகுப்பு."

பிறகு தினமும் இரண்டு குறிப்பு, மூன்று குறிப்பு. எல்லாவற்றையும் மாற்றினால் பிடிபட்டுவிடும் என்று அளவாகச் செய்தாள். அவர் சரியாகச் சொன்னதை மறுநாள் பிழை என்றாள். தபாலட்டைகளை அடுப்பில் வைத்தாள். "உங்கடை பேர் வரேல்லை" என்று ஒவ்வொரு பட்டியலையும் கடைசிவரை வாசித்துவிட்டுச் சொன்னாள். அவருடைய விடைகளை அவளே தன் பெயரில், மக்டலின் பத்திநாதன் என்று எழுதி அனுப்பினாள். இரண்டு தரம் பெயர் வந்தது. அவள் வெட்டி ஒட்டவில்லை.

வைகாசிக்குள் மனுஷன் சுருங்கிவிட்டார். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, "அப்பிடித்தானே? அப்பிடித்தானே?" என்று கேட்பார். மாஸ்ரர் வராததற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்: "மூளை பிசகினவனோடை இருந்து அவன் என்ன கதைக்கிறது?" இரவில் மாதாவுக்குச் செபமாலை சொல்லும்போது துக்க தேவ இரகசியங்களில் நாலாவது வரவில்லை என்று அழுதார். பயத்தில்தான் வரவில்லை. அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்காமல் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சினார். போனார்கள். இளம் டொக்டர் திகதி கேட்டார், பிள்ளைகள் பெயர் கேட்டார். பிள்ளைகள் இல்லை என்று மக்டலின் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். பத்திநாதன் தொண்ணூற்று மூன்றிலேயே நின்று அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார், சரியோ என்று கேட்கிற மாதிரி. அவள் வாய் திறக்கவில்லை. அவர் அதைப் பிழையென்று எடுத்துக்கொண்டு தொண்ணூற்றிரண்டு என்றார், தொண்ணூற்று நாலு என்றார், பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டார். டொக்டர் ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "என்னை எங்கையாவது மடத்திலை விட்டிட்டுப் போயிடாதை" என்றார்.

இரக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் செய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்குப் பட்டது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. செய்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அது அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலை, கதிரையை அவர் முன்னால் இழுத்துப் போட்டு இருந்தாள்.

"உங்கடை மூளைக்கு ஒண்டுமில்லை. நான்தான் பொய் வாசிச்சனான். மூண்டு மாசமா. கொண்டல் சரி. நீங்கள் சொன்ன எல்லாம் சரி."

பத்திநாதனுடைய கை காற்றில் தடவித் தடவி அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எனக்காகப் பொய் சொல்லாதை. என்ரை மண்டைக்குள்ளை என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியும்."

"பொய்யில்லை. வேணுமெண்டு செய்தனான். வந்தி எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும்."

அவர் கை ஒரு கணம் தளர்ந்தது. திரும்ப இறுகியது.

"வந்தி எண்டால் வந்தவள்தானே" என்றார். "நீ வராட்டில் இண்டைக்கு எனக்கு ஆர் இருக்கினம்?"

அவள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மனுஷன் பொய்தான் சொன்னார். ஆனால் நன்றியோடு சொன்னார். அவளுடைய மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய் முத்தமிட்டார். இருபது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. அவள் கையை இழுத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் பத்திரிகையை விறாந்தைக்குக் கொண்டு போகவில்லை. காலை ஏழரைக்குப் பத்திரிகைக்காரன் மதிலுக்கு மேலால் வீசுவான். அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அடுப்படி மேசையில் தேத்தண்ணியோடு இருந்து, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று தானே நிரப்புவாள்.

முதல் நாள் விறாந்தையிலிருந்து குரல் வந்தது.

"பேப்பர் வந்திட்டுதோ?"

"இல்லை."

"விழுந்த சத்தம் கேட்டதே."

"ஒண்டும் விழேல்லை."

கதிரை ஒருமுறை கிரீச்சிட்டது.

"ஓம்," என்றார் பத்திநாதன், "எனக்குத்தான் அப்பிடிக் கேட்டிருக்கும்."