மழை ஞாயிறுகள்

"தண்ணீர் ஊற்றியது: கம்பவுண்டர், டைம்கீப்பர் வீட்டம்மா" என்று நோட்டில் எழுதியிருந்தது. தேதியை இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். அன்றைக்குப் பெய்த மழையில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நின்றது. அப்படிப்பட்ட நாளில் செடிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

டைம்கீப்பர் நான்தான். பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் வண்டிகள் வருவதையும் போவதையும் நிமிஷம் பிசகாமல் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அந்தப் பெயரை விடவில்லை. ஊர்த் தோட்டக் குழுவுக்கு இருபது வருஷம் நிறைகிறது, வரலாறு எழுத வேண்டும் என்று ஞாயிறு வேலைக் கணக்கு எழுதிய ஆறு நோட்டுகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். "அண்ணன் எழுதினா ஒரு தேதி தப்பாது" என்று ஐஸ் வேறு.

நான் அந்தத் தோட்டத்தில் மண்வெட்டியைத் தொட்டதில்லை. போனதெல்லாம் என் மனைவி. நூலகத்துக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை ஐந்து பேர் சேர்ந்து சுத்தம் செய்த முதல் ஞாயிற்றிலிருந்து, அவள் படுக்கையில் விழும்வரை, வாராவாரம் காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை. வேலை செய்யாதவர் பெயர் நோட்டில் ஏறாது என்பது குழுவின் விதி. "இன்னைக்குப் பேர் ஏறிச்சா?" என்று நானும் வாராவாரம் கேட்பேன். "ஏறிச்சு" என்பாள்.

என் பழைய டைரிகளை எடுத்து ஒப்பிட்டேன். பதினோரு மழை ஞாயிறுகள். பதினொன்றிலும் அதே இரண்டு பெயர், அதே தண்ணீர். அவள் வீடு திரும்பியது எட்டு ஐந்து என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த நோட்டை எழுதுகிற கம்பவுண்டர் மனைவியை இழந்தவர். எட்டு மாதம் முன்பு இவள் போனபோது என்னைவிட அதிகமாக அழுதவர். அது இப்போதுதான் உறைத்தது. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருக்கிறவளாக இருந்தால் உலுக்கிக் கேட்டிருப்பேன். இனி யாரிடம் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வானம் மூடிக்கிடந்ததால் வேறு யாரும் வரவில்லை. கம்பவுண்டர் கருவிக் கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன டைம்கீப்பர், வரலாறு எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மழை வரைக்கும்" என்று நோட்டை நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். வெளுக்கவில்லை. ஆள் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

"மழைன்னா யாரும் வர மாட்டாங்க. சாவி என்கிட்ட இருக்கேன்னு நான் வருவேன். உங்க வீட்டுத் தங்கச்சி மட்டும் குடையோட வந்துடும். அந்த ஸ்டூல்ல உக்காந்து மழையப் பாத்துக்கிட்டு இருக்கும்."

"ரெண்டு மணி நேரமா? அப்ப நீங்க?"

"லைப்ரரி வராந்தாவுல பேப்பர் படிப்பேன்."

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அதுவும் எனக்குப் போதவில்லை.

"வேலை இல்லைன்னா வீட்டுக்கு வந்திருக்கலாமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம், விடுங்க."

"சொல்லுங்க."

"சீக்கிரம் போனா ஏன் சீக்கிரம்னு கேப்பாரு, லேட்டாப் போனா ஏன் லேட்டுன்னு கேப்பாரு, எட்டு மணிக்குப் போனாத்தான்ணே கேள்வி இருக்காதுன்னு சொல்லும். ஆனா நோட்டுல பேர் ஏறிச்சான்னு கேப்பீங்களாமே. பொய் சொல்ல வராது அதுக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி மழையில நின்னு ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டுப் போகும். வாளிய நிரப்பிக் குடுக்கிறது நான். ஊத்தினது ஊத்தினதுதானே, ரெண்டு பேரையும் எழுதிடுவேன்."

இவர் சொல்வதை நம்பலாமா என்று அப்போதும் ஒரு மனசு கேட்டது. அந்த மனசை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கம்பவுண்டர் நோட்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. எங்கள் தெரு தெரியவில்லை.

வெகு நேரம் கழித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. மூலையில் இருந்த வாளியைத் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். ஒரு செடியின் அடியில் மெதுவாகச் சாய்த்தேன். வராந்தாவில் கம்பவுண்டர் நோட்டை மடியில் விரித்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.