கால் படாத மூன்று மில்லிமீட்டர்

எம்.ரெட்டியபட்டி ஜெகதீஸ்வரனின் பாதங்கள் தரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தன. அவன் நிற்கும்போது தீப்பெட்டி அட்டையை ஒரு பக்கம் செருகி மறுபக்கம் உருவலாம். ஊரில் பலர் உருவிப் பார்த்திருக்கிறார்கள். அவனுடைய கிட்டாரின் கம்பிகளும் அதன் கழுத்திலிருந்து அதே மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தன. இதை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே உயரம் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அருப்புக்கோட்டையில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து, பருத்தி நன்றாக வெடித்த வருஷம் அவன் அதை வாங்கினான். எலெக்ட்ரிக் கிட்டார்தான், ஆனால் வயிறு வெற்றாக இருக்கும். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்கிற கட்டை அந்த வயிற்றின்மேல் பசையோ ஆணியோ இல்லாமல், கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. கட்டையின் இரு முனையிலும், தடித்த கம்பிகளின் பக்கம் ஒன்றும் மெல்லிய கம்பிகளின் பக்கம் ஒன்றுமாக உள்ள பித்தளைச் சக்கரங்களைத் திருகினால் கம்பிகள் ஏறும், இறங்கும். வாங்கிய புதிதில் கம்பிகள் மிக உயரத்தில் இருந்தன. ஒரு பாட்டு முடிவதற்குள் விரல் நுனி கன்றிப்போகும். அவன் வீட்டுக்குள் நடப்பது யாருக்கும் கேட்காமல் போனதும் அந்த வாரம்தான். சக்கரங்களைத் திருகிக் கம்பிகளை இறக்கியபோது, தானும் கூடவே இறங்குவதை உணர்ந்தான். ரொம்ப இறக்கினால் கம்பி கழுத்தில் உரசி, டப்பாவில் அடைத்த வண்டுபோல இரைந்தது. மூன்று மில்லிமீட்டரில் கிட்டார் தன் குரலில் பேசியது. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

நரிக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த தங்கலட்சுமிக்குச் சத்தமில்லாத புருஷனோடு வாழப் பழக்கமில்லை. "ஏங்க, ஒரு இருமலாச்சும் இருமிட்டு வாங்க. திரும்புனா நிக்கிறீக, நெஞ்சு திக்குங்குது" என்றாள். அவன் இருமிக்கொண்டே வந்தான். அப்படிப் பல மாதம் இருமியதால், நிஜமாகவே இருமல் வந்தபோது அவள் கவனிக்கவில்லை. காய்ச்சல் நூற்று நாலுக்குப் போனது. அவன் உடம்பு கொதித்தது. உடம்பு படாத பாய் மட்டும் குளிர்ந்தே கிடந்தது. நான்காம் நாள் தங்கலட்சுமி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிழைத்து எழுந்தால் இவுக பூக்குழி இறங்குவாக.

எழுந்தான். பங்குனியில் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு கங்குகளின் மேல் நடந்து அக்கரை போனான். ஒரு கொப்புளம்கூட இல்லை. பெண்கள் அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கைக்குழந்தைகளை அவன் முன்னால் கிடத்தினார்கள். மறுநாள் காலையில் பூசாரி இருளப்பசாமி சாம்பலைப் பார்த்தார். மற்றவர்கள் நடந்த தடம் எல்லாம் இருந்தது. இவன் போன பாதையில் சாம்பல் கோலமாவு சலித்ததுபோல் அப்படியே கிடந்தது. ஆள் அனுப்பி அவனை வரச்சொன்னார்.

"நேர்ச்சை சேரலப்பா."

"இறங்குனேன்ல சாமி?"

"எங்கிட்டு இறங்குன? கொக்கு கணக்கா மேலாப்புல போயிருக்க."

"மூணு மில்லிதான் சாமி."

"மூணு மில்லியோ முந்நூறு அடியோ. தீ தொட்டுச்சா, இல்லையா?"

தொடவில்லை. அந்த வருஷம் பருத்தியில் புழு விழுந்ததும், கண்மாய் நிறையாததும், இரண்டு ஆடுகள் பஸ்ஸில் அடிபட்டதும் ஜெகதீஸ்வரனின் தீராத நேர்ச்சையோடு சேர்க்கப்பட்டன. அவன் பூசாரியிடம் திரும்பப் போய், கம்பிகளை இறக்கினால் தன் காலும் இறங்கும் என்பதைச் சொல்லி, ஒரு நாள் மட்டும் இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"இறங்கிட்டு மறுநா ஏறிக்கிறதுக்கு இதென்ன பஸ்ஸா?" என்றார் இருளப்பசாமி. "தீயில வச்ச காலு தரையிலதான் இருக்கணும். தூக்குனா நேர்ச்சையும் திரும்பிரும்."

தங்கலட்சுமி இரண்டு வருஷம் பொறுத்தாள். பிறகு சண்டை எதுவும் இல்லாமல் துணிகளை மடித்து வைத்தாள். "நேர்ந்தது நானு. அதைத் தீர்க்காம ஒரே வீட்டுல இருக்க எனக்குப் பயமா இருக்கு. கால் பட்டு இறங்கிட்டுச் சொல்லி விடுங்க, வாரேன்" என்று நரிக்குடி பஸ்ஸில் ஏறினாள்.

மூன்று பங்குனி போயிற்று. ஜெகதீஸ்வரன் திருச்சுழி, வீரசோழன் பக்கமெல்லாம் கச்சேரிக்குப் போய் வந்தான். அவன் கிட்டார் அந்த வருஷங்களில் வாசித்ததுபோல் எப்போதும் வாசித்ததில்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் அவன் எழுந்தாலும் நடந்தாலும் சத்தம் வராது. சில நாள் சாப்பிட்ட தட்டை வேண்டுமென்றே கீழே போட்டு, அது சுழன்று அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு எடுத்துக் கழுவி வைத்தான். நான்காம் பங்குனியில், யாரிடமும் கேட்காமல், மறுபடி காப்புக் கட்டினான்.

அவன் வாசித்த கச்சேரிக் குழுவை நடத்திய ராஜபாண்டி தேடி வந்துவிட்டான். "ஏலே, வெளங்காத பயலே. இறக்குனா அம்புட்டுத்தான். கீபோர்டுலயே கிட்டாரு சத்தம் இருக்கு, நான் அதை வச்சு ஓட்டிருவேன், தெரியும்ல?"

"ஓட்டிக்க."

"அழுதுருவேன்டா" என்றான் ராஜபாண்டி, சிரிக்காமல்.

பூக்குழி அன்று காலை, கம்பிகள் கழுத்தின்மேல் படுக்கும்வரை ஜெகதீஸ்வரன் சக்கரங்களைத் திருகினான். பாதத்தில் சிமெண்ட் தரை பட்டது. தரையில் இவ்வளவு மணல் இருக்கும் என்பதை அவன் மறந்திருந்தான். மாலையில் தீ அவனைத் தொட்டது. இருளப்பசாமி சாம்பலில் பதினோரு தடம் எண்ணித் தலையசைத்தார். புண் ஆறுவதற்குள் நரிக்குடி பஸ்ஸிலிருந்து தங்கலட்சுமி இறங்கினாள்.

அவன் நடப்பது இப்போது கேட்டது. அவள் நன்றாகத் தூங்கினாள். முதல் இரண்டு மாதம் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகுதான் அந்தக் காலடிகள் எங்கே போகின்றன என்பதும் அவளுக்குக் கேட்கத் தொடங்கியது: ஆணியில் தொங்கும் கிட்டார்வரை போய் நிற்கும், உறையைத் துடைக்கும் சத்தம் வரும், பிறகு பின்வாசல் வழியாகப் பருத்திக் காட்டின் கடைசி வரப்புவரை போகும், விளக்கு வைத்த பிறகும் திரும்பாது. கூப்பிட்டால் வருவான். பேசினால் பதில் சொல்வான். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்று மூன்று மில்லிமீட்டர் காலத்தில் எதை வைத்துத் தனக்குத் தெரிந்தது என்று அவள் ஒரு மத்தியானம் யோசித்தாள். சாயங்காலங்களில் கேட்ட கிட்டாரை வைத்துத்தான். அவன் காட்டிலிருந்தான். கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, தடித்த கம்பிகளின் பக்கமிருந்த சக்கரத்தை மெல்லத் திருகி ஏற்றினாள். மற்றதைத் தொடவில்லை.

அவன் பாதி வரப்பில் நின்றான். அங்கிருந்து வீடுவரை வலது கால் பதிந்தது, இடது கால் பதியவில்லை. வாசலில் ஒரு அடி கேட்டது, அடுத்தது கேட்கவில்லை, அதற்கடுத்தது கேட்டது.

"ஒரு பக்கந்தான் திருப்புனேன்" என்றாள். "மத்தது எனக்கு வேணும்."

விஷயம் பூசாரிக்குப் போனது. இருளப்பசாமி வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, கோழி ஒற்றைக் காலில் நின்றால் அது பறக்கிறது என்றா சொல்வோம் என்று கேட்டார். அதோடு முடிந்தது. ராஜபாண்டி திட்டிக்கொண்டே அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். மெல்லிய கம்பிகளுக்கான இடங்களைக் கீபோர்டு வாசிக்கிறது.

வீட்டில் கீபோர்டு இல்லை. சாயங்காலம் அவன் வாசிப்பான், அவள் சுவரில் சாய்ந்து கேட்பாள். பாட்டு மேலே ஏறும்போது அவன் விரல்கள் கழுத்தின்மேல் படுத்திருக்கும் மெல்லிய கம்பிகளுக்குப் போய் விடாமல் ஓடும், சத்தம் வராது. அந்த இடம் முடிந்து அவன் கீழே வரும்வரை தங்கலட்சுமி காத்திருக்கிறாள்.