ஈசானிய மூலையில் மூன்று சொட்டு

வேங்கடேச ரெட்டியாரின் வலது கைக்கு விலை நாற்பத்தெட்டு ரூபாய். அறுபது சொன்னார்கள், அப்பாதுரை பேசிப் பேசி நாற்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தான்.

கை என்றால், துண்டுக்கடியில் நீட்டுகிற கை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் பக்கத்தில் நிற்பவன் காதில் விழும். விழுந்த நிமிஷமே மூட்டைக்கு நாலணா ஏறும். அதனால் தரகன் தன் தோள் துண்டை எடுத்துத் தன் கை, வியாபாரியின் கை இரண்டின் மேலும் போடுவான். உள்ளே ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. வெளியே இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். யாருடைய துண்டோ அவனுக்குத் தரகு. பெரிய வியாபாரி கை நீட்டாத தரகன் தோளில் துண்டு போட்டிருந்தால், வேர்வை துடைக்கப் போட்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

விழுப்புரத்து அப்பாதுரை நாலு மாதமாக வேர்வைதான் துடைத்துக்கொண்டிருந்தான். தை மாதம் திண்டிவனத்தில் ரெட்டியார் மண்டிக்கு நூறு மூட்டை முடித்துக் கொடுத்திருந்தான். அதில் சில மூட்டைகள் அடியில் ஈரம். ரெட்டியார் பணத்தைக் கொடுத்தார், மூட்டைகளை வெயிலில் கொட்டினார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து கையும் நீட்டவில்லை. ரெட்டியார் நீட்டாத கையை மற்ற மண்டிக்காரர்களும் நீட்டவில்லை.

வைகாசியில் ரெட்டியார் புது மண்டி கட்டி முடித்தார். சென்னையில் ஓர் எண்ணெய் வியாபாரியின் மேசைமேல் மீன்தொட்டி பார்த்துவிட்டு வந்தவர், தன் மேசைக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். லாரியில் வந்த கண்ணாடித் தொட்டிகள் இரண்டும் வழியிலேயே உடைந்தன. தொட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்த இரண்டு தங்க மீன்கள் ஊறுகாய் ஜாடியில் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தன.

உடைந்த தொட்டியைப் பார்க்க மண்டியில் கூடிய கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பாதுரை சொன்னான்: "ஒடையாத தொட்டி நான் கொண்ணாறேங்க. கண்ணாடியே இல்லாத தொட்டி."

"தண்ணியே இல்லாத தொட்டின்னு சொல்லு," என்றான் நடராசன். நாலு மாதமாக ரெட்டியாரின் கை அவனுடைய துண்டுக்கடியில்தான் இருந்தது. "ஒன் சரக்குல தண்ணி எங்க இருக்கணுமோ அங்க இருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். ரெட்டியார் சிரிக்கவில்லை. "பஞ்சமியன்னிக்குத் தொறப்பு. அன்னிக்கித் தண்ணி நிக்கட்டும், பாக்கலாம்," என்றார். நாலு மாதத்தில் அப்பாதுரையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாளே அப்பாதுரை புதுச்சேரிக்கு பஸ் ஏறினான். சைகோனில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்திருந்த சவுரிராயன் வீட்டில் கப்பலில் வந்த சாமான்கள் எதுவும் கிடைக்கும். அட்டைப்பெட்டி ஒன்றை அவர் இறக்கினார். உள்ளே கண்ணாடிபோல் தெளிந்த ஐந்து அக்ரிலிக் தகடுகள், ஒரு மூடி, பிரெஞ்சில் அச்சடித்த ஒரு காகிதம், சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு புட்டிப் பசை. ஒட்டினால் ஒரு முழ நீளத் தொட்டி.

"ஓரத்துல தூசி, எண்ணெ, ஒண்ணும் இருக்கப்படாது," என்றார் சவுரிராயன். "இது நம்மூரு கோந்து இல்ல. தகட்டையே உருக்கி ஒண்ணா சேத்துடும். சுத்தமா இருந்தா ஜென்மத்துக்கும் விடாது."

விற்கிறவன் பேச்சில் பாதி காற்று என்பது அப்பாதுரையின் தொழில் படிப்பு. அந்தப் பாதியைக் கழித்துவிட்டு விலைக்கு வந்தான். சவுரிராயன் அறுபதிலிருந்து இறங்கவே இல்லை. கடைசியில் அப்பாதுரை இரண்டாவது புட்டியை எடுத்து அவர் பக்கம் தள்ளினான்.

"ஒரு தொட்டிக்கு எதுக்குங்க ரெண்டு புட்டி? இத வச்சிக்கங்க. பன்னெண்டு கொறைங்க."

"அது மொத தடவ தப்பிப்போனா திரும்ப ஒட்டறதுக்குப்பா."

"நான் தப்ப வுடமாட்டேங்க."

சவுரிராயன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் புட்டியை மேலே எடுத்து வைத்தார். "நாளைக்கி நான் காரைக்கால் போறேன், கல்யாணத்துக்கு. வர பத்து நாளாவும். பின்னால வந்து கேக்காத."

பன்னிரண்டு ரூபாய் மிச்சம் என்ற குஷியில் அப்பாதுரை பஸ்ஸில் வழியெல்லாம் சீட்டியடித்தான்.

அமாவாசையன்று மண்டிகளுக்கு விடுமுறை. காலையில் நாஸ்தா முடித்து, கூடத்தில் பாயை விரித்து, தகடுகளை மூடியிருந்த காகிதத்தை உரித்தான். மனைவி கோவிந்தம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். பூட்டு வாங்கினாலும் பொட்டு வைக்காமல் அந்த வீட்டில் எதையும் திறந்ததில்லை.

"வழுக்கிக்கினு போவுதுங்க. மஞ்சா நிக்கமாட்டேங்குது."

"ரெண்டு சொட்டு நல்லெண்ண வுட்டுக் கொழையேன். வாசக்காலுக்கு அப்படித்தான வைக்கிற?"

எண்ணெயில் குழைத்த மஞ்சள் நன்றாகவே நின்றது. நாலு மூலைக்கும் வைத்தாள். "ஈசானிய மூலைக்குக் கொஞ்சம் அதிகமா வையி," என்று அப்பாதுரைதான் சொன்னான். "போன கை திரும்பி வரணும்." வடகிழக்கு எந்தப் பக்கம் என்று வாசலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த மூலையில் சேரும் இரண்டு ஓரங்களிலும் தாராளமாக அப்பினாள். பிறகு வேட்டி நுனியால் அவன் எல்லாவற்றையும் துடைத்தான். மஞ்சள் போயிற்று. எண்ணெய் போயிற்றா என்று அவன் பார்க்கவில்லை; எண்ணெய்க்கு நிறமில்லை.

பிரெஞ்சு காகிதத்தில் படம் இருந்தது; படம் எல்லா மொழியிலும் படம்தான். புட்டியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாசனை தலைக்கு ஏறியது. கோவிந்தம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தகடுகளை நிமிர்த்திப் பிடித்தாள். கோழியிறகால் அவன் ஓரத்தில் பசையைத் தொட்டு இழுத்தான். தண்ணீர் மாதிரி ஓடி இடுக்கில் நுழைந்து, பார்க்கப் பார்க்க இரண்டு தகடும் கோடு தெரியாமல் ஒன்றாயின. கை நடுங்கினால் ஒரு சொட்டு முகப்பில் விழும். விழுந்தால் அங்கே அம்மைத் தழும்பு. மூன்று மணி நேரம் அவன் எச்சில்கூட விழுங்காமல் வேலை செய்தான். கடைசி மூலை ஈசானியம். அங்கே வந்தபோது புட்டி காலி. இறகைப் புட்டிக்குள் சுழற்றி, ஒட்டியிருந்ததை வழித்துப் பூசினான். கேப்பை மூட்டைகளை நாலு புறமும் அண்டக் கொடுத்து நிறுத்தினார்கள்.

நாலு நாள் அதைத் தொடவில்லை. பஞ்சமிக்கு முதல்நாள் மத்தியானம் குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் நின்றது. தொட்டி இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் தானாகவே சதுரமாக நிற்பதுபோல் இருந்தது. அப்பாதுரை பீடி பற்ற வைத்தான். பாதி பீடியில் கோவிந்தம்மாள், "இதப் பாருங்க," என்றாள்.

ஈசானிய மூலையின் அடியில் ஒரு முத்து. அது பெருத்தது, இறங்கியது, பாயில் விழுந்தது. அடுத்தது வந்தது.

மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினான். நிமிஷத்துக்கு இருபது சொட்டு பன்னிரண்டாயிற்று. தண்ணீரை வடித்துக் காயவைத்து மறுபடியும் மெழுகு வைத்துத் தேய்த்தான். மூன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை. அறுபதில் நின்ற சவுரிராயனைப்போல் அது மூன்றில் நின்றுவிட்டது. சவுரிராயனோ காரைக்காலில். அவர் அலமாரியில் பன்னிரண்டு ரூபாய்ப் புட்டி.

"ஒழுகுதுன்னு சொல்லிட்டுக் குடுத்துடுங்க," என்றாள் கோவிந்தம்மாள்.

"ஒழுகற தொட்டின்னா அண்டாவுல ஊத்திக்கமாட்டாரா? அதுக்கு நான் எதுக்கு?"

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க. பதினோரு மூட்ட ஈரம்னு எங்கிட்ட சொல்லிட்டு, அவருகிட்ட சொல்லாம வந்தீங்க."

"அவரு கேக்கலியே."

"நாலு மாசமா கேட்டுக்கினுதான இருக்காரு."

அப்பாதுரை மெழுகை இன்னொரு தடவை தேய்த்தான்.

பஞ்சமியன்று காலைப் பாசஞ்சர் ரயிலில் தொட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போனான். யாராவது நெருங்கி உட்கார்ந்தால் மெழுகு விட்டுப்போகுமோ என்று இருபக்கமும் முழங்கையை நீட்டிக்கொண்டான். தொட்டியைக் கொடுப்பது, தண்ணீரை ஊற்றுவது, கை நீட்டும் வரைக்கும் மூலையை மறைப்பது. அதற்கப்புறம் ஒழுகினால் வண்டியில் அடிபட்டது என்று சொல்லலாம். திட்டத்தில் எங்கும் ஓட்டை இல்லை, தொட்டியில்தான்.

புது மண்டியில் வெள்ளை விரிப்பு, சாம்பிராணி, திண்டில் சாய்ந்த வியாபாரிகள். ரெட்டியார் பக்கத்தில் இருந்த குட்டை மேசையில் தொட்டியை வைத்து, மூலைக்கடியில் தன் துண்டை மடித்துச் சொருகினான்.

"துண்டு எதுக்குடா?" என்றான் நடராசன்.

"புது மேசை. கீறல் வுழப்படாது."

தண்ணீர் ஊற்றினார்கள். ஜாடியிலிருந்து மீன்கள் இறங்கின. இத்தனை நாள் ஜாடியில் ஒரே வட்டம் சுற்றிய பழக்கத்தில் அவை முதலில் நடுவிலேயே சுற்றின. பிறகு நேராக ஓடின. வியாபாரிகள் எழுந்து வந்து தட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பாதுரை மூலைத் துண்டை ஒரு பார்வை பார்த்தான். ரெட்டியார் மட்டும் தட்டவில்லை. மீனைப் பார்த்தார், அப்பாதுரையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

வாசலில் முகையூர்க்காரர் ஒருவரின் வண்டிகள் வந்து நின்றன. நாற்பது மூட்டை. புது மண்டியின் முதல் சரக்கு. அதற்கு விலை பேசித் தரும் தரகனைப் பிடிக்கும் வேலையை அவர் ரெட்டியாரிடமே விட்டுவிட்டார். முதல் வியாபாரத்துக்கு எந்தத் தரகனைக் கூப்பிடுவது என்பது ரெட்டியார் இஷ்டம். நடராசன் துண்டை உதறித் தயாராக வைத்தான்.

"அப்பாதுரை," என்றார் ரெட்டியார். "துண்டப் போடு."

நாலு மாதம் காத்திருந்த வார்த்தை. அப்பாதுரையின் கை தோளுக்குப் போயிற்று. தோள் வெறுமையாக இருந்தது.

"இன்னா, தரகருகிட்ட துண்டு இல்லியா?" நடராசன் தன் துண்டை நீட்டினான். "என்னுது இருக்குது. எடுத்துக்க."

நடராசன் துண்டென்றால் நடராசன் தரகு. அது மட்டுமல்ல, இனி எப்போதும் நடராசன் துண்டுதான். தன் துண்டை உருவினால் வெள்ளை விரிப்பின்மேல் ஊர் பார்க்கச் சொட்டும். ரெட்டியாரின் கை நீட்டியபடி காத்திருந்தது. நீட்டிய கை அதிக நேரம் நிற்காது.

அப்பாதுரை குனிந்து துண்டை உருவி, விரித்து, இரண்டு கைகளின்மேலும் போட்டான். ரெட்டியாரின் மணிக்கட்டில் ஈரம் பட்டது. அந்த விரல்கள் ஒரு கணம் அசையாமல் நின்றன.

"எவ்ளோ?" என்றார் ரெட்டியார். சுற்றி இருந்தவர்கள் மல்லாட்டை விலை என்று நினைத்தார்கள்.

வண்டியில் அடிபட்டது என்ற பொய் தொண்டைவரைக்கும் வந்து தயாராக நின்றது. ஆனால் துண்டுக்கடியில் வாய்க்கு வேலை இல்லை, விரலுக்குத்தான். அப்பாதுரை ரெட்டியாரின் மூன்று விரல்களைப் பிடித்தான்.

ரெட்டியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேசை ஓரத்தை. ஒன்று. வாசலில் மாடு தலையை ஆட்டி மணி அடித்தது. இரண்டு. நடராசன் கழுத்தை நீட்டினான். மூன்று. விநாடி முள் ஒரு சுற்று முடித்தது. அதற்குமேல் விழவில்லை.

"இன்னாங்க, தொட்டி சொட்டுது?" என்றான் நடராசன்.

"புது எடம், மீனுக்கு வேர்க்குது," என்றார் ரெட்டியார் திரும்பாமல். கையை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "தையில அது எவ்ளோ?"

தெரியாது என்று விரலைத் தளர்த்திவிடலாம். தெரியாத தரகனை மன்னிப்பது வழக்கம். அவன் முழுக் கையையும் ஒருமுறை பிடித்தான். விட்டான். மறுபடியும் முழுக் கை. விட்டான். கடைசியாக ஒரே ஒரு விரல்.

"நான் வெயில்ல கொட்டி எண்ணினதும் அதேதான்," என்றார் ரெட்டியார். "ஒனக்குத் தெரிஞ்சிருந்துதா, தெரியாம போச்சான்னுதான் தெரியல. மூட்டைக்கு அஞ்சு நஷ்டம். தரகுல கழிச்சிக்க." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "மழ வருமாடா விழுப்புரத்துல?" என்றார்.

"வரும்போலதாங்க இருக்குது," என்றான் அப்பாதுரை. துண்டுக்கடியில் நாற்பது மூட்டைக்கு விலை பேச ஆரம்பித்தார்கள்.

திரும்புகிற வண்டியில் ஜன்னல் கம்பியில் துண்டைக் காயப் போட்டுவிட்டு, பிரெஞ்சு காகிதத்தின் பின்புறம் பென்சிலால் எழுதினான். தொட்டி, நாற்பத்தெட்டு. வாங்காமல் விட்ட புட்டி, இனி வாங்கவேண்டியது, பேரம் இல்லாமல் பன்னிரண்டு. பதினோரு மூட்டை ஈரம், ஐந்து வீதம் ஐம்பத்தைந்து. ஆக, கை ஒன்றுக்கு அடக்க விலை நூற்றுப் பதினைந்து ரூபாய். சவுரிராயனிடம் கொடுத்தது நாற்பத்தெட்டு. இன்றைய தரகில் கழிந்தது, நாற்பது மூட்டைக்கு நாலணா வீதம் பத்து. பாக்கி ஐம்பத்தேழு.