கதவுக்கு வெளியே ஒரு மூச்சு

சோதனை நாளன்று கணினி விளையாட்டை உருவாக்கியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். விளையாட வந்தவர் கண்ணெதிரே இருக்கும் கதவைப் பார்க்காமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாலும், பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஃபின்லாந்துக்காரர்களுக்கு இதற்கென்று ஒரு சட்டம் எதற்கு? பிறந்ததிலிருந்தே அவர்கள் அப்படித்தான். ஆனாலும் அந்த வியாழக்கிழமை காலையில் வில்யா நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

தம்பரே நகரில், பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் மாடியில் அவர்களுக்கு ஓர் அறை. வில்யா படம் வரைவாள். யால்மரி கதை எழுதி, சத்தங்களையும் சேர்ப்பான். மொத்த நிறுவனமே அவ்வளவுதான். வீட்டை விட்டு வெளியே வர முடியாத ஊனா என்ற பெண்தான் அவர்கள் விளையாட்டின் நாயகி. அவளுடைய பயங்கள் ஒவ்வொன்றாக உருவெடுத்து வரும். அவளிடம் கத்தி கிடையாது, மந்திரம் கிடையாது. மூச்சை இழுத்து விடலாம், பயத்தின் பெயரைச் சொல்லலாம், பொறுத்திருக்கலாம். போன வாரம் யால்மரி ஒரு புதுக் காட்சியைச் சேர்த்திருந்தான். சோதனையில் பார்த்துக்கொள் என்று சொல்லி, வில்யாவுக்குக்கூடக் காட்டவில்லை.

டிராம் ஓட்டும் ஹன்னெலே என்ற அம்மாள் விளையாட வந்திருந்தார். மூவர் காதிலும் ஹெட்ஃபோன். ஊனா வாசற்கதவை நெருங்கியபோது அந்தச் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தரையில் உட்கார்ந்து, அடைத்த மூக்கால் மூச்சுவிடும் சத்தம். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம். பிறகு நீண்ட அமைதி. பிறகு லிஃப்ட் இறங்கும் சத்தம்.

முந்தைய ஆண்டின் குளிர்காலம் முழுக்க வில்யா கதவைத் திறக்காமல் வீட்டுக்குள் கிடந்தபோது கேட்டது இதே சத்தம்தான், இதே வரிசையில். அதை அவள் மருத்துவரிடம் மட்டும்தான் சொன்னாள். அது நோய் கேட்க வைக்கும் சத்தம் என்று அவர் தன்மையாக எடுத்துச் சொன்னார். அறையைச் சூடாக்கும் சுவரோர ரேடியேட்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் அது. அதனால் மூச்சையும் அதே மூட்டையில் கட்டிப் போட்டாள். அன்றிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும், மற்றவர்களுக்கும் கேட்டதா என்று முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

இப்போதும் அதே சந்தேகம். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா? திரும்பவும் வந்துவிட்டதா? வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஹன்னெலேயின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அப்பாடா, அவருக்கும் கேட்கிறது.

நிம்மதி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. அப்படியானால் யால்மரிக்கு எப்படித் தெரியும்? என் அம்மாவுக்கே தெரியாது. மருத்துவர் சொல்லியிருக்க மாட்டார். பையைக் குடைந்தானா? போனைப் பார்த்தானா? தினமும் ஒரே கெட்டிலில் காபி போட்டுக் குடிக்கிறவன், என் நோயைக் காசாக்கப் பார்க்கிறானா? யோசிக்க யோசிக்க அவன் செய்ததெல்லாம் கோணலாகத் தெரிந்தது. காட்சியை ஏன் மறைத்தான்? இப்போது ஏன் திரையைப் பார்க்காமல் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்?

ஆட்டம் முடிந்ததும் ஹன்னெலே காபியும் இலவங்கப்பட்டை பன்னும் சாப்பிட்டார். மற்ற பூதமெல்லாம் பரவாயில்லை, வெளியே உட்கார்ந்திருந்ததுதான் கதிகலங்க வைத்தது, கடைசிவரை உள்ளே வரவே இல்லையே என்றார். யார் அது என்றும் கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றான் யால்மரி, காதைத் தேய்த்துக்கொண்டே. பொய் சொல்லும்போதெல்லாம் அவன் காதைத் தேய்ப்பான்.

அந்த அம்மாள் போனதும் வில்யா கதவைச் சாத்தினாள்.

"அந்தச் சத்தத்த எங்கருந்து எடுத்த?"

"நானே பதிவு பண்ணேன்."

"மழுப்பாத. அது என் டாக்டரத் தவிர யாருக்கும் தெரியாது. என் பையத் திறந்தியா? உண்மையச் சொல்லு, இல்லன்னா இன்னைக்கே மூட்டையக் கட்டிட்டுப் போயிடுவேன்."

யால்மரியின் முகம் கழுத்துவரை சிவந்தது. "அப்ப உனக்கு அது கேட்டுச்சா?" என்றான், மிக மெதுவாக. "எனக்குத் தெரியாது வில்யா. சத்தியமாத் தெரியாது. அது நான்தான்."

பிறகு திக்கித் திணறிச் சொன்னான். அந்தக் குளிர்காலத்தில் ஞாயிறு தவறாமல் வந்திருக்கிறான். அவளுக்குப் பிடித்த கரேலியப் பணியாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டடத்தில் குடியிருப்பவர் யாராவது வெளியே வரும்போது உள்ளே நுழைந்து, அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான். மணிக்குக் கை போகும், திரும்பி வரும். கடைசியில் பணியாரத்தைத் தானே தின்றுவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடுவான். நேரில் சொல்ல வெட்கம். விளையாட்டில் வைத்தால், கதவுக்கு வெளியே இருப்பது யார் என்று அவளே ஒருநாள் கேட்பாள் என்று நினைத்தானாம்.

"மணி அடிச்சிருக்க வேண்டியதுதானே?"

"நீ கூப்பிடலையே."

வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். இங்கே இது மரியாதை. கூப்பிடாத வீட்டுக்குப் போவதா, அதுவும் உடம்பு சரியில்லாதவளைத் தொந்தரவு செய்வதா? இதே ஊரில் பிறந்த வில்யாவுக்கும் அது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் தலைக்கேறியது.

"இத்தன நாளும் கெட்டில் கூவினாக்கூட உன் மூஞ்சியப் பாத்துட்டுதான் எந்திரிச்சேன், தெரியுமா? என் காதையே நான் நம்பல. ரேடியேட்டர் கூப்பிட்டது நோய்தான், ஒத்துக்கறேன். ஆனா நீ நோய் இல்லையேடா."

அவன் தலை குனிந்தான்.

"நீ மணி அடிச்சிருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன்," என்றாள் அவள். "ஆனா வெளில ஒரு மனுஷன் எனக்காக உக்காந்திருக்கான்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதாள். யால்மரி கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு வந்து, வரட்டுமா என்று கேட்காமலே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.