சுடும் தரை

சுவரின் அடிப்பக்கம் ஊறி உப்பி, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்த பிறகுதான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று மகளுக்கு உறைத்தது. அதுவரை சரியில்லாதது அப்பாவின் மூளை என்றே வீடு முடிவு கட்டியிருந்தது.

ஈரம் புகுந்த வீடுகளைச் சரிசெய்பவர் வந்தார். பேச்சில் கஞ்சன். நனைந்த சுவர்ப் பலகைகளை அறுத்தெடுத்தார். பெரிய விசிறிகளை ஓடவிட்டார். பழைய வீடு அது. தரை முழுக்க ஒரே கான்கிரீட், குழாய்களெல்லாம் அதற்கடியில். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் வெறுங்காலோடு நடந்தார். அப்பாவின் கட்டில் கிடந்த மூலையில் நின்றுவிட்டார்.

"இங்க வந்து நில்லுங்கம்மா. செருப்பு வேணாம்."

நின்றாள். உள்ளங்காலில் சூடு ஏறியது.

"கீழ வெந்நீர்க் குழாயில ஓட்டை. மாசக்கணக்கா ஒழுகுது. வீட்ல யாருக்குமே தெரியலையா?"

ஒருவருக்குத் தெரிந்திருந்தது. 'தரை சுடுதும்மா, அடியில என்னமோ கொதிக்குது' என்று அப்பா தலைபாடாய் அடித்துக்கொண்டார். தரை சில்லென்றிருக்கிறது என்று வீட்டுக்குள்ளும் செருப்போடு திரிகிற குடும்பம். வெறுங்காலோடு நடந்தவர் அப்பா ஒருவர்தான். குனிந்து தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குக்கூட ஒருவருக்கும் முதுகு வளையவில்லை. "அப்பாவுக்கு மறை கழண்டுடுச்சு" என்று தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள்.

அப்பாவை இன்றே திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும். விசிறிகள் இரைந்துகொண்டிருக்க, அவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

இல்லத்தில் அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எலும்பும் தோலுமாகியிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. அடியில வெந்நீர்க் குழாய் ஒழுகுது. என் காலுக்கே சுட்டுச்சுப்பா. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வாய் நிறையத் திட்டினால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அவரோ வாசலில் நின்ற நர்ஸை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லம்மா. அதெல்லாம் எனக்கா தோணினதுதான். இப்ப நான் அப்படிச் சொல்றதே இல்ல. மாத்திரையும் ஒழுங்கா போட்டுக்கறேன்."

"ஐயோ, நிஜம்தான்பா! நானே நின்னு பாத்தேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார், பரீட்சையில் குறுக்குக் கேள்விக்கு மாட்டிக்கொள்ளாத கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி. அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்பா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார்.

"அழாதடா கண்ணு. நான்தான் மறுபடி ஏதோ சொல்லிட்டேன்னு நெனச்சுக்கப் போறாங்க."