முதல் நாள் விலை

முஸ்தபா பாய் எந்தப் பழைய வாத்தியத்துக்கும் முதல் நாள் உண்மை விலை சொன்னதில்லை. கோயமுத்தூர் கோட்டைமேட்டில் முப்பது வருஷமாகப் பழைய ஆர்மோனியம், வீணை, வயலின் என்று வாங்கி விற்கிறவர். யார் என்ன கொண்டுவந்தாலும் உதட்டைப் பிதுக்கி, "இது ஆகாதுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான்காம் நாள் அவர்கள் வீட்டுப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர் மாதிரிப் போய் நின்று, சரியான விலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விலை சொல்லுவார். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். பொய்க்கோபம் காட்டிவிட்டுப் போய் நான்காம் நாளுக்குக் காத்திருப்பார்கள். இதில் என்ன பாவம், கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை என்று சொல்லாதவன் யார் என்று கேட்பார் பாய்.

திங்கட்கிழமை காலை கிணத்துக்கடவிலிருந்து வெள்ளியங்கிரி வந்தார். தென்னந்தோப்பில் காவல் இருந்து, தேங்காய் உரித்துப் பிழைக்கிற மனிதர். பழைய வேட்டியில் சுற்றிய ஆர்மோனியப் பெட்டியை பஸ்ஸில் கீழே வைக்க மனசு வராமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"எங்கொப்பன் நாடகத்துக்கு வாசிச்சதுங்க பாய். என்ற பொண்ணு லோகப்பிரியாவுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குதுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள எம்பதாயிரம் கட்டோணும். இதுக்கு வெல சொல்ல உங்கள விட்டா ஆளில்லைன்னாங்க."

பாய் மேல்பலகையைக் கழற்றினார். உள்ளே வரிசையாக, ஒலி எழுப்புகிற பித்தளை ரீடுகள், அத்தனையிலும் பாரிஸ் முத்திரை. நூறு வருஷமிருக்கும், ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. துருத்தியை அசைத்து ஒரு கட்டையைத் தொட்டார். எழுந்த நாதத்தில் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. மும்பையில் ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை லட்சம் கொடுப்பான். தாராளமாக ஒரு லட்சத்துக்கு வாங்கலாம்.

வாய் மட்டும் பழக்கப்பட்ட வழியிலேயே போயிற்று.

"மரம் உளுத்துப்போச்சுங்கண்ணா. ரீடெல்லாம் செத்துருச்சு. ரெண்டாயிரத்துக்கு மேல போகாதுங்க."

"ஏனுங்க பாய், நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டனுங்க."

"அப்பச் சரிங்க. நீங்களே சொன்னப்பறம் வேற யாருகிட்டப் போயிக் கேக்கறது."

கோபிக்கவில்லை, இழுத்துப் பேசவில்லை, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியை மறுபடி வேட்டியில் சுற்றினார். மூலைகளை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். பாய் அவரைப் போகவிட்டார். வியாழக்கிழமை போய் எண்பதாயிரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பெண் படிப்பும் நடந்துவிடும், நமக்கும் நாலு காசு கூடுதலாக நிற்கும் என்று நினைத்துக்கொண்டார். கெடுதல் நினைக்கவில்லை அந்த மனிதர். அதுதான் நமக்கு வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு போனார். வீட்டு முன்னால் வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளியங்கிரி சலவை வேட்டியோடு எழுந்து வந்து, "வாங்க பாய், வாங்க" என்று உட்காரவைத்தார். உள்ளேயிருந்து லோகப்பிரியா தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். ஒல்லியான பெண், கண் இரண்டும் வீங்கியிருந்தது.

பாய் தன் வழக்கமான பேச்சை எடுத்தார். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தனுங்க. அந்தப் பொட்டி நெனப்பாவே இருந்துச்சு. எம்பதாயிரம் தாரனுங்க, குடுத்துருங்க."

வெள்ளியங்கிரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேத்து பொண்ணுக்கு வெத்தல பாக்கு மாத்திப்போட்டமுங்க பாய். மாப்பிள்ளை பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருக்கறாரு. வயசு முப்பத்தெட்டு. ஒரு மாசமாக் கேட்டுட்டே இருந்தாங்க, பொட்டிய வித்துப் படிக்க வெச்சர்லாம்னு நானுந் தள்ளிட்டே வந்தேன். நீங்க ஆகாதுன்னு சொன்னப்பறம் எதுக்குங்க தள்றது? அன்னிக்கே போன் போட்டுச் சரின்னு சொல்லிப்போட்டேன்."

பாய் பணப்பையைத் தட்டிக் காட்டினார். "நாளைக்குத்தானுங்க கடைசி நாளு? பணம் இந்தா இருக்குது. அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லி உட்ருங்க."

"நாலு பேர வெச்சுக் குடுத்த வாக்குங்க. மாத்தினா நாளைக்கு எம்பேச்ச எவன் நம்புவான்? மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுகள வேலைக்கு அனுப்பறதில்லைங்களாம். சீட்டையும் நேத்தே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டமுங்க. வேற ஏதாவது புள்ளைக்காச்சும் ஆகட்டும்."

ஐயோ, கொஞ்சம் சண்டை போட்டிருக்கக்கூடாதா இந்த மனுஷன்! முதல் நாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் பாய் அங்கேயே ஐம்பதாயிரத்துக்கு ஏறியிருப்பார். வாத்திய வியாபாரி விலை பேசும்போது சொன்ன சொல்லையும் ஊர்ச்சபையில் சொன்ன சொல்லையும் ஒரே தட்டில் வைக்கிற ஆளிடம் யார் என்ன செய்வது?

பாய் கொண்டுவந்திருந்த ஒரு லட்சத்தையும் எடுத்து நீட்டினார். வெள்ளியங்கிரி திகைத்துப்போனார். "இத்தனை எதுக்குங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வெறுங்கழுத்தோட அனுப்பறமேன்னு நெம்ப வருத்தமா இருந்துச்சுங்க. இப்ப ஒரு சங்கிலி போட்டு அனுப்புவேன். தேடி வந்து குடுக்கறீங்க பாருங்க, நீங்க நல்லா இருக்கோணும் பாய்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பெட்டியை லோகப்பிரியாதான் வேன் வரைக்கும் தூக்கிவந்தாள். பின்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏனுங்க, அன்னிக்குத் தொறந்து பார்த்ததுமே உங்களுக்கு வெல தெரிஞ்சுதுங்களா?"

முப்பது வருஷமாகக் கூசாமல் பொய் சொன்ன வாய் அது. இல்லை என்று ஒரு சொல் சொல்ல அதனால் முடியவில்லை.

"தெரிஞ்சுது கண்ணு."

அழுவாள், ஏசுவாள் என்று காத்து நின்றார். அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வெள்ளியங்கிரி யாருக்கோ போன் போட்டுச் சங்கிலி எடுக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க," என்றாள். "தாங்க மாட்டாருங்க."